இரண்டில் தேறிய எண்

செப்டம்பர் 9
மாலை 4.12. முடிவு வந்துவிட்டது. பகா எண் இல்லை.

பெர்மெத்தின் எண். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், ஒன்றைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் வருவது. நாற்பது லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். என் மனைவி பெர்மெத் இறந்துபோன மறுமாதமே அவள் வேலை பார்த்த கணிதக் கழகத்தின் இயக்குநர் ஜுமாலியேவ் பேப்பரில் அறிவித்தார், "எங்கள் பெர்மெத் கண்டுபிடித்த பகா எண்" என்று. அந்த ஆள் பார்த்தது இரண்டை வைத்து ஒரே ஒரு சோதனை. இந்த ஜாதி எண், பகா எண்ணாக இல்லாவிட்டாலும் அதில் தேறிவிடும். அவளே சொல்வாள்: "ரெண்டுல தேறுறதெல்லாம் ஒரு தேர்வா? மூணை வச்சுப் பாக்காம யாரும் வாயத் திறக்கக் கூடாது."

மூன்றை வைத்துப் பார்த்தேன். இரண்டு கணினியிலும் ஒரே பதில்.

செப்டம்பர் 10
எதால் வகுபடும்? தெரியாது. உடையும் என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது இந்தச் சோதனை. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஏன் நின்றது?

இந்த எண்ணை வெறுக்கிறேன்.

செப்டம்பர் 13
அவள் தம்பி தாலாய்பேக்கிடம் சொன்னேன். கல்லறைக் கல்லில் அவள் முகம், அதன் கீழே எண்ணின் சுருக்க வடிவம், அதன் கீழே 'பகா எண்' — எல்லாம் கொத்தியாகிவிட்டது. இருபத்தொன்றாம் தேதி அவளுடைய வருஷ நினைவு விருந்து.

"விருந்துக்கு அறுக்கக் குதிரை வாங்கிக் கட்டியாச்சு மச்சான். ஊரே வருது. இப்பப் போய் கணக்குத் தப்புங்கிறீங்க?"

"அவ தப்பாச் சொல்லல. அந்த இயக்குநர்தான்—"

"செத்தவளோட எதுக்கு மல்லுக்கு நிக்கிறீங்க? உங்களுக்கு அழவும் தெரியல, சும்மா இருக்கவும் தெரியல."

ஆமாம்டா. தெரியல.

செப்டம்பர் 16
ஜுமாலியேவ்: "கல்லைப் போய் எவன் சரிபாக்கப் போறான், தம்பி?"

நான் பாப்பேன்யா. சாகற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் அதைத்தானே பாக்கணும்.

செப்டம்பர் 17
கல் கொத்தும் கென்னாடியிடம் போனேன்.

"எழுத்தைத் தேச்சு எடுத்தா பள்ளம் விழும். அசிங்கமா இருக்கும்."

"விழட்டும்."

"எண்ணையும் எடுத்துரவா?"

எடுக்கச் சொல்லத்தான் போனேன். "அது இருக்கட்டும்," என்றேன். ஏன்?

செப்டம்பர் 20
விருந்துக்குப் பொர்சோக் மாவுத் துண்டுகள் பொரிக்கிற வாசனை. யாரும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 21
ஜுமாலியேவ் பேச்சு எழுதிய தாளோடு கல்லின் முன்னால் நின்றார். எண்ணைப் பார்த்தார், அதன் கீழே பள்ளத்தைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பெர்மெத் நல்லவள்," என்றார். "நல்லவ, நல்லவ," என்றது கூட்டம். அவ்வளவுதான். அது உண்மை.

தாலாய்பேக் கடைசிவரை முறைத்துக்கொண்டே இருந்தான். எல்லாரும் போன பிறகு பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தான்.

"வழவழன்னு இருக்கு," என்றான். "அக்கா என்னதான் மச்சான் சொன்னா?"

"இன்னும் தெரியலன்னு சொன்னா."

கையை எடுத்து, பிரார்த்தனை முடிப்பதுபோல முகத்தைத் தடவிக்கொண்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் ஜுமாலியேவ் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். போனை அணைத்துவிட்டேன்.