கேட்ட பிறகு நீட்டும் கை

வாசலூர்பட்டி
20.7.2003

அன்பு மகள் ரோஸ்லினுக்கு,

சாரல் விடாத இந்த ஆடியிலும் அப்பாவும் நானும் சுகமாகவே இருக்கிறோம், அயர்லாந்தில் உனக்கும் உடம்பும் மனசும் தெம்பாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். போன வாரம் போனில், நல்லது செய்யப் போனதுக்கே அவமானப்படுத்துற இடத்துல நான் எதுக்கும்மா இருக்கணும் என்று கேட்டாய். உன் வார்டில் கை நடுங்கும் பெரியவருக்கு நீ கஞ்சி ஊட்டப் போனதும், அவர் உன் கையைத் தட்டிவிட்டதும், மூத்த நர்ஸ் எல்லார் முன்னாலும் உன்னை விலகச் சொன்னதும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. அடுத்த மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடுவேன் என்கிறாய். அப்பா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் தம்பி ஜீவானந்தம் மட்டும், வரட்டும், அக்கா ஊட்டுனா வாங்கிக்க நான் இருக்கேன் என்று கேலி பேசுகிறான்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ராசிபுரத்திலிருந்து விவசாய ஆபீசுக்கு அர்த்தனாரி என்று ஒருவர் மாற்றலாகி வந்தார், தங்கமான மனிதர். ஒருநாள் நம் ஊர்ப் பாப்பாயி அம்மாள் தலையில் கூடையோடு மேட்டில் ஏறுவதைப் பார்த்து, ஓடிப் போய்த் தன் தலைக்கு வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அன்று அவர்கள் காட்டில் விதைப்பு நின்றது, அந்த வீட்டில் யாரும் அர்த்தனாரியோடு பேசவுமில்லை. நன்றி கெட்ட ஊருங்க டீச்சர், நான் மாத்தல் வாங்கிக்கிட்டுப் போறேன் என்று என்னிடம் வந்து குமைந்தார். போவது போகட்டும், ஏன் என்று அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். நீ கெட்ட எண்ணத்துல தூக்கல சாமி, ஆனா அதுல இருந்தது விதைக் கேழ்வரகு, எங்க ஊட்டுப் பொம்பள தலையில இருந்து காட்டுலதான் எறங்கணும் என்றாராம் பாப்பாயி. அதன் பிறகு அர்த்தனாரி யாரைக் கண்டாலும், ஏனுங்க, தூக்கட்டுங்களா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார். கேக்குற சார் வாராரு, சுமையை இறுக்கிப் புடிங்க என்று பெண்கள் சிரிப்பார்கள். மாற்றல் கேட்கவே இல்லை, இங்கேயே ரிட்டயர் ஆனார்.

கண்ணு, அந்தப் பெரியவருக்கு அந்த ஸ்பூன் என்னவென்று எனக்குத் தெரியாது. தன் கையால் செய்ய அவருக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதானோ என்னவோ. வேறு காரணமும் இருக்கலாம், அவருக்குத்தான் தெரியும். நம் வீட்டில் ஊட்டுவது அன்பு. அங்கேயும் அப்படித்தான் என்று நீ நினைத்ததில் குற்றமில்லை, ஆனால் அதோடு நிறுத்திவிட்டு வந்துவிடாதே. வருவதானால் தெரிந்துகொண்டு வா, கதவு திறந்தே இருக்கும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ஜெபத்தை விடாதே. கர்த்தர் உன் கைகளை ஆசீர்வதிப்பார். இந்தக் கடிதம் கிடைத்ததும் வேலைக்குப் போகும் முதல் நாள், அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் என்ன செய்யட்டும் என்று கேள், அவர் பதில் சொல்லும் வரை எதையும் தொடாதே.

உன் அம்மா
ஜெசிந்தா