முருகேசன் அண்ணன் மூடாத லாகின்

ஆடி, செவ்வாய் இரவு

ஆபீசில் எல்லோரும் லாகின் செய்து வேலை பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் பழையதே போதும் என்று காலையில் மேனேஜரிடம் வாதாடினேன். புதியது, சும்மா கிடக்கும் லாகினைத் தானே மூடிவிடும். பழையது மூடாது.

எங்களோடு வேலை பார்த்து மாசியில் இறந்துபோன திருமங்கலம் முருகேசன் அண்ணன், லாக் அவுட் செய்யாமல் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறவர். அவர் லாகின் இன்னும் சர்வரில் திறந்தே கிடக்கிறது. சர்வரைக் கவனிக்கும் என்னால் அதைப் பார்க்க மட்டும் முடியும்; உள்ளே பாதி அடித்த விடுப்புக் கடிதம். மூட மனம் வராமல் விட்டிருந்தேன்.

சாயங்காலம் எல்லோரும் டீக்குப் போனதும் அதைப் பார்த்தேன். கடிதம் முடிந்திருந்தது. 'வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்துவிடுகிறேன்.' அவர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது.

மேனேஜரிடம் போய், "புதுசே போட்டுருவோம்ணே," என்றேன்.

"காலையில அம்புட்டுப் பேசுன? சரி, சனிக்கிழமை மாத்து."

"வேணாம்ணே. வியாழக்கிழமையே மாத்திருவோம்."