கூரைத் தகடு சொன்ன தீர்ப்பு

மார்ச் 3, செவ்வாய்
மகள் பல பாட்டுகளைக் கோத்துச் செய்த டிஜே மிக்ஸை நடன அரங்கில் இரண்டாம் முறையும் திருப்பிவிட்டார்கள். "பாட்டெல்லாம் பிரமாதம். சத்தம்தான் வீட்டுல பண்ண மாதிரி இருக்கு" என்றாராம் ஒலிக்காரர். வீட்டில்தானே பண்ணினாள்! பதின்மூன்றாம் தேதிக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் மேடை வேறு ஆளுக்கு. சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மார்ச் 5, வியாழன்
மெதுவாக விசாரித்தேன். "ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது சேர்ற இடத்துல குழம்புதாம்ப்பா. என் ஹெட்போன்ல நல்லாத்தானே கேக்குது!"
பத்தாவது படித்தவனுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: எங்கோ எதுவோ கடகடக்கிறது. லிஃப்ட் மெக்கானிக்குக் கடகடப்பைப் பிடிப்பதுதானே பிழைப்பு?

மார்ச் 6, வெள்ளி
நான் பராமரிக்கும் எட்டு மாடிக் கட்டட லிஃப்டில் ஸ்பீக்கரோடு ஏறி மிக்ஸை ஓடவிட்டேன். நாலு பக்கமும் தகரம். பேஸ் என்கிற அந்தத் 'தம் தம்' அடிச்சத்தம் மிஞ்சினால் கூரைத் தகடு காட்டிக்கொடுக்கும். பன்னிரண்டாவது நிமிடம் — தகடு ஆடியது! மகளிடம் போனில் சொன்னேன். "ஐயோ, அங்க ரெண்டு பாட்டோட பேஸும் ஒண்ணா வருதுப்பா!" ஒரே வாசலில் இரண்டு சம்பந்திகள் முட்டிக்கொண்ட கதை. ஒன்றை அடக்கி அனுப்பினாள். தகடும் அடங்கியது.

மார்ச் 9, திங்கள்
லிஃப்டை நிறுத்தினால் வசவு விழும். அதனால் ஓட்டிக்கொண்டேதான் சோதனை. மூன்றாம் மாடி வக்கீலம்மா இறங்க மறுத்துவிட்டார். "இருங்க, இந்தப் பாட்டு முடியட்டும்." பிறகு தீர்ப்பு: "அந்த ஜிங்ஜிங் சத்தம் காதுல ஊசி குத்துது. குறைக்கச் சொல்லுங்க."
ஆறாம் மாடி பல் டாக்டர்: "ரெண்டாவது பாட்டு மட்டும் ஏங்க கிணத்துக்குள்ளேர்ந்து வருது?"
எண்ணெய்க் கறை படிந்த சீட்டில் எல்லாம் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 10, செவ்வாய்
இன்று நூற்றுப் பன்னிரண்டு தடவை மேலும் கீழும். சோபாவில் உட்கார்ந்தால் சோபா இறங்குகிறது.

மார்ச் 11, புதன்
மாட்டிக்கொண்டேன். கட்டடச் செயலாளர் புகார் செய்ய, எங்கள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். "யோவ், லிஃப்டா கச்சேரி மேடையா? எடுய்யா ஸ்பீக்கரை!" எடுத்துவிட்டேன். வேலை தப்பியதே பெரிது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "இருபது வருஷத்துல இப்பத்தான் உங்க வேலையை நாலு பேர் கவனிச்சிருக்காங்க" என்கிறாள்.

மார்ச் 12, வியாழன்
சீட்டில் இருந்ததையெல்லாம் சரிசெய்த மகள், மொத்தச் சத்தத்தையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தாள். காதைப் பிய்க்கிறது. "மத்தவங்கல்லாம் இப்படித்தாம்ப்பா சத்தமா வைக்கிறாங்க. இல்லேன்னா என்னுது மட்டும் நோஞ்சானா தெரியும்."
எனக்கும் கோபம். "பதிமூணு பேர்னு எழுதின லிஃப்டுல பதினஞ்சு பேர ஏத்துவியாடி? மணி அடிக்கும், கதவு மூடாது, எல்லாரும் நிக்க வேண்டியதுதான்! ரெண்டு பேர இறக்கு!"
முறைத்தாள். பிறகு சத்தமில்லாமல் சத்தத்தை இறக்கினாள். அப்பாடா — தாளத்துக்கு மூச்சு வந்தது.

மார்ச் 13, வெள்ளி
அனுப்பிவிட்டாள். மூன்று பேரும் போனையே முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

மார்ச் 16, திங்கள்
அந்தக் கட்டடத்திலிருந்து அவசரப் புகார்: லிஃப்ட் பழுது. ஓடினேன். அருமையாக ஓடுகிறது!
"ஓடுதுங்க. பாட்டு வரலையே?" என்றார் வக்கீலம்மா. புகாரில் இருபத்திரண்டு பேர் கையெழுத்து. முதல் கையெழுத்து செயலாளருடையது!
பதிவேட்டை நிரப்பித்தானே ஆக வேண்டும்? 'கோளாறு' என்ற கட்டத்தில், "பாட்டு இல்லை." 'எடுத்த நடவடிக்கை' என்ற கட்டத்தில், "சனிக்கிழமை மாலை ஏழு மணி, நடன அரங்கம். வாசலில் என் மகள் பெயரைச் சொல்லவும்."