நறுவீ தேவியார் அறைத் தூசு குறித்த ஓலை

ஏரிகள் நிறைக! எல்லைகள் அமைதி காண்க! பகைவர் முன் ஒருநாளும் பின்வாங்காத, செம்புழுதி நாட்டுப் பேரரசர் பெருநற்சாத்தர் திருமுன்னிருந்து, அவர்தம் தலைமை அமைச்சர் அழிசியார் விடுக்கும் ஓலை. கடற்காற்றால் நாளும் கழுவப்பட்டுத் தூசென்பதையே அறியாத நீள்கரை நாட்டின் பட்டத்தரசியும், நம் வேந்தரின் ஒரே மகளாருமாகிய நறுவீ தேவியார் கண்டருள்க. தேவியாரின் கொற்றம் ஓங்குக. குழந்தை சேந்தனின் மூச்சு சீராக ஓடுக.

தூசு பட்டால் குழந்தைக்கு மூச்சிரைக்கிறதென்றும், பிறந்தகத்து அரண்மனை தூசற்றதாகும்வரை அவனை அழைத்துவர இயலாதென்றும், தேவியார் தம் தந்தைக்கு எழுதாமல் அமைச்சருக்கு எழுதிய ஓலை வந்து சேர்ந்தது. அன்று முதல் வேந்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உண்ணும்போதே எழுந்து போய்த் தூண்களை விரலால் தேய்த்துப் பார்க்கிறார். வந்த தூதரின் முகத்தைப் பாராமல் செருப்பைப் பார்க்கிறார். போர்க்களத்தில்கூட அவர் இப்படிப் பரபரத்து அமைச்சர் கண்டதில்லை. துடைப்பம் தூசை இடம் மாற்றுமேயன்றி அகற்றாது என்று அரண்மனை மருத்துவர் சொல்லப்போக, தூசை உறிஞ்சும் பொறியொன்று உடனே வாங்குக என்று ஆணை பிறந்தது.

பொறிவினைஞர் மூவர் வந்தனர். முதற்பொறி போட்ட கூச்சலில் பட்டத்து யானை கட்டுத்தறியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. தூங்கும் பேரன் பதறி எழுவான் என்று வேந்தர் அதை அப்போதே விலக்கினார். இரண்டாவது, ஆமையைப்போல் தானே தரையில் ஊர்ந்து திரிவது. அவையோர் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில் அது அரியணைக்கு அடியில் புகுந்து சிக்கிக்கொண்டது. நாட்டின் பெருமக்கள் மண்டியிட்டு அதை இழுத்தெடுத்த கோலத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே அவைக்கு மரியாதை. மூன்றாவது நீண்ட குழாய் உடையது, ஓசை குறைந்தது, உறிஞ்சிய தூசை மறுபுறம் கசியவிடாதது. ஆயினும் வேந்தர் எளிதில் நம்புவாரா? கூடை நிறையச் செம்மண்ணைத் தம் கையாலேயே கம்பளத்தில் கொட்டி, அதை உறிஞ்சச் செய்து, எதற்கெடுத்தாலும் தும்மும் அவைப்புலவரை அதன்மேல் குப்புறக் கிடத்தி மூச்சிழுக்கச் சொன்னார். புலவர் தும்மவில்லை. இந்தப் பொறியே போதும் என்று வேந்தர் திருவாய் மலர்ந்தருளினார்.

பிறகு அந்தக் குழாயை அவர் யாரிடமும் தரவில்லை. கொலுமண்டபம், மடைப்பள்ளி, மாடங்கள் என்று ஒவ்வொன்றாகத் தாமே உறிஞ்சிக்கொண்டு வந்தவர், தேவியாரின் அறை வாயிலில் நின்றுவிட்டார்.

நம் நாட்டு வழக்கம் தேவியார் அறியாததன்று. வீட்டைவிட்டுப் புறப்பட்டவர், சேர்ந்தேன் என்று சொல்லியனுப்பும்வரை அவர் இருந்த இடத்தைப் பெருக்குவதில்லை. தேவியார் மணம் முடித்துப் பல்லக்கேறிய நாளில் வேந்தர் வாயிலுக்கு வந்து வழியனுப்பவில்லை. அந்த மனத்தாங்கலில் தேவியாரும் அச்சொல்லை அனுப்பவில்லை. நீள்கரையிலிருந்து உப்பு வந்தது, முத்து வந்தது, பேரன் பிறந்த செய்தியும் வணிகர் வாயிலாக வந்தது, இப்போது அமைச்சருக்கு ஓலையும் வந்தது. அவை எவையும் கணக்கில் சேரா, சேர்ந்தேன் என்று மகள் தானே சொன்னாலன்றி அவ்வறையில் துடைப்பம் படலாகாது என்று வேந்தர் மறுத்துவிட்டார். தேவியார் கடைசியாக நடந்துபோன காலடித் தடம் அத்தூசில் இன்னும் இருக்கிறது. கதவை மட்டும் சாத்திவிடலாம் என்று அமைச்சர் விண்ணப்பித்தபோது, அவள் வந்தால் அவ்வறையிலன்றி வேறெங்கே தங்குவாள் என்று சீறினார். அறை தூசாக இருந்தால் பேரன் வரமாட்டான். தூசை எடுத்தாலோ, மகள் போனவள் போனவளே என்று ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறார்.

இன்னொன்றும் தேவியார் அறிதல் வேண்டும். அன்று வேந்தர் வராமலில்லை. அழுத முகத்தோடு வாயிலில் நிற்க வெட்கி, மேல்மாடத்தில் நின்று, பல்லக்கு கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்லலாகாது என்பது ஆணை. அவ்வாணையை மீறியதற்கான தண்டனையை அமைச்சர் மகிழ்ச்சியோடு ஏற்பார்.

ஆகவே, இவ்வோலை கண்ட கையோடு, சேர்ந்தேன் என்னும் ஒற்றைச் சொல்லைத் தேவியார் தம் கைப்பட எழுதி, இதைக் கொணர்ந்த குதிரைவீரனிடமே கொடுத்தருள்க. அதன்பின் அவ்வறை தூய்மையாக ஒரு நாழிகை போதும், குழந்தையுடன் புறப்படலாம். மீன் பொறித்த அரண்மனை முத்திரை இதன்கீழ் இடப்பட்டது. காலம் தாழ்த்தற்க. வேந்தர் இப்போதும் அறை வாயிலில் குழாயைக் கையில் பிடித்தபடிதான் நிற்கிறார். உட்காரச் சொன்னால் கேட்க மறுக்கிறார்.