இருட்டறையில் எடிட்டர்

டிசம்பர் 3, செவ்வாய்

காலை 6.40க்கு டச்பார் கடற்கரைப் பக்கத்திலுள்ள பிரடெரிக்கின் வீட்டைத் திறந்தேன். அவனும் மனைவி கொன்ஸ்டன்ஸும் கொழும்புக்குப் போய் இன்று ஒன்பதாம் நாள். அவனுடைய வலது காலில் சீனி வியாதியால் ஆறாத புண். மகள் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள். வீட்டுச் சாவி என்னிடம். எனக்கு வேலை ஒன்றுதான்: முன் ஹோலில் இருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டியையும் அதிலுள்ள ஒரே ஒரு கடல் மீனையும் பார்த்துக்கொள்வது.

மீனின் பெயர் எடிட்டர். பழுப்பு உடம்பு, வளைந்து போகும் நீலக் கோடுகள், வெள்ளை வால். ஏறாவூர் ஹமீட் நாலு வருடத்துக்கு முன் கொண்டுவந்து கொடுத்தது. ஹமீட் கடலுக்குள் இறங்கி அலங்கார மீன் பிடித்து கொழும்புக்கு அனுப்புகிறவர். செட்டை கிழிந்திருக்கிறதென்று அங்கிருந்து திருப்பி அனுப்பிய மீன் இது. எதைக் காட்டினாலும் கண்ணாடிக்குக் கிட்ட வந்து பார்க்கும். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகும். எங்கள் பத்திரிகையில் இருந்த ஆசிரியர்கள் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று பிரடெரிக் வைத்த பெயர்.

இருபத்தொன்பது வருடம் நான் எழுதினேன், அவன் படம் எடுத்தான். மோட்டார் சைக்கிள் ஒன்று, அதுவும் அவனுடையது.

இறால் நாலு துண்டு போட்டேன். நாலையும் தின்றது.

டிசம்பர் 5, வியாழன்

முகத்துவாரம் வெட்டினார்கள். வாவி நிரம்பி மேற்குக் கரையில் வயல்கள் மூழ்கத் தொடங்கியதால் இன்று காலை மணல் திட்டை இயந்திரத்தால் அறுத்துக் கடலுக்கு வழி விட்டார்கள். பத்து மணிக்குப் போய் நின்று, பன்னிரண்டுக்குத் தொண்ணூறு சொல்லில் செய்தி அனுப்பினேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்த ஒரு செய்தியை என்னிடம்தான் கேட்கிறார்கள்.

ஒருமுறை இதே இடத்தில் மணல் இடிந்து பிரடெரிக் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். செருப்புகள் கடலோடு போய்விட்டன. கமெராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "ரத்தினம், என்னை விடு, முதல்ல இதப் பிடி" என்றான். பிடித்தேன். படம் முதல் பக்கத்தில் வந்தது. வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தவனை கொன்ஸ்டன்ஸ் வாசலிலேயே நிறுத்தி வைத்தாள்.

டிசம்பர் 7, சனி

என் கைதான் காரணம். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டும்போது முழங்கை பட்டு மேல் கல் சரிந்தது. எடிட்டர் மிரண்டு பாய்ந்து, கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உரசிக்கொண்டு வெளியே வந்தது. இடது பக்கம், நடு உடம்பில், பெருவிரல் நகமளவுக்குச் செதில் போய்விட்டது. மேல் செட்டையின் நுனியும் கிழிந்திருக்கிறது.

பிரடெரிக் மீனுக்காக வைத்திருக்கும் குறிப்புக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். "காயம் பட்டால் முதல் மருந்து புதுக் கடல்தண்ணி. பாதி மாற்று." அவ்வளவுதான் எழுதியிருக்கிறான்.

டிசம்பர் 8, ஞாயிறு

கடற்கரை இங்கிருந்து நானூறு யார் தூரம். இரண்டு கேன், ஏழு நடை. பாதித் தண்ணீரை மாற்றினேன். இடுப்பு நோகிறது, மனதுக்கு ஆறுதல்.

மாலை ஐந்துக்கு பிரடெரிக் பேசினான். "எடிட்டர் என்ன செய்றான்?"

"சுகமா இருக்கான். உன்ட கால் எப்பிடி?"

"கிடக்கு."

பிறகு கொன்ஸ்டன்ஸ் தொலைபேசியை வாங்கித் தள்ளிப் போய் நின்று பேசினாள். "அண்ணன், மீன் எப்பிடியெண்டு கேட்ட பிறகுதான் இவரு சோத்துல கை வைக்கிறாரு. நல்லத மட்டும் சொல்லுங்க."

டிசம்பர் 10, செவ்வாய்

தின்னவில்லை. காயத்தின் ஓரம் சிவந்து, நடுவில் பஞ்சு போல் வெள்ளை. செட்டையின் அடியிலும் சிவப்பு. இடது கண் மங்கியிருக்கிறது, லென்ஸில் மூச்சுப் பட்டதுபோல. செவுள் அடிப்பதை மணிக்கூடு வைத்து எண்ணினேன்: நிமிடத்துக்கு 118.

புதுத் தண்ணீர் மருந்தென்றால் ஏன் இப்படி?

ஹமீட்டுக்கு அழைப்பு எடுத்தேன். நாளைக்கு வருகிறார்.

டிசம்பர் 11, புதன்

ஹமீட் மீனைப் பார்க்கவில்லை. முதலில் உப்பு அளக்கிற கண்ணாடி மிதவையைத் தண்ணீரில் விட்டார். 1.024இல் நிற்கவேண்டியது 1.016இல் நின்றது.

"அண்ணன், இது எந்தத் தண்ணி?"

"நம்மட கரையிலதான் எடுத்த."

"எப்ப?"

"ஞாயிற்றுக்கிழமை."

மிதவையை வெளியே எடுத்தார். "வியாழக்கிழமை முகத்துவாரம் வெட்டினாங்க. பேப்பர்ல போட்டதே நீங்கதானே."

ஓய்வுக்குப் பிறகும் சேர்த்து முப்பத்தெட்டு வருடமாக எழுதுகிறேன்: வாவி நீர் கடலில் கலந்தது, வாவி நீர் கடலில் கலந்தது. கலந்த இடம் இந்த வீட்டுக்கு முன்னால் என்று ஒருநாளும் நினைக்கவில்லையா நான்?

"கொக்கட்டிச்சோலை வயல் வட்டைத் தண்ணியெல்லாம் இப்ப இஞ்சதான் நிக்கிது. அதக் கொண்டந்து காயத்துக்கு ஊத்தியிருக்கீங்க. காயம் தன்ட பாட்டுல ஆறியிருக்கும். கிருமி ஏறிட்டு."

பல்லுக்கு வாங்கிய கிருமி மருந்துக் குளிசை வீட்டில் மிச்சம் இருக்கிறது, தொட்டியில் போடுவோமா என்று கேட்டேன்.

"அந்தக் குளிசை உப்புத் தண்ணியில வேலை செய்யிமோ தெரியா. வேலை செய்யிற மருந்தெண்டாலும் இதுக்குள்ள போடப்படாது. கல்லுல இருக்கிற நல்ல கிருமியும் செத்துரும். பிறகு எடிட்டர் தன்ட மூத்திரத்துக்குள்ளயே மௌத்தாவாரு." சிரிக்காமல் சொன்னார். "வேற பாத்திரம் வேணும். வெளிச்சம் படாத இடமும் வேணும், வெளிச்சத்துல மருந்து கெட்டுப்போகும். அப்பிடி ஒரு இடம் இஞ்ச இருக்கா?"

இருக்கிறது.

டிசம்பர் 12, வியாழன்

சுனாமிக்குப் பிறகு இந்த வீட்டைத் திரும்பக் கட்டும்போது பிலிம் கழுவுகிற காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பிரடெரிக் பின்பக்கத்தில் ஓர் இருட்டறை கட்டினான். கொன்ஸ்டன்ஸ் அங்கே வெங்காயம் வைக்கக் கேட்டாள். கொடுக்கவில்லை.

இன்று அதைத் திறந்து துடைத்தேன். சிவப்பு பல்ப் இன்னும் எரிகிறது. மேசையில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி, காற்றுக் குழாய். ஹமீட் படகில் வெளிக்கடலுக்குப் போய் எடுத்துவந்த தண்ணீர். உப்பை ஒரே நாளில் கூட்டக்கூடாதென்று இரண்டு தண்ணீரையும் அளந்து கலந்தார். மிருக வைத்தியர் யசோதினியிடம் காயத்தின் படத்தைக் காட்டினேன். மருந்துத் துண்டு எழுதித் தந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்துத் தூள், ஏழு நாள், தினமும் பாதித் தண்ணீர் மாற்றி அளவாகப் போடவேண்டும்.

வலையால் பிடிக்கப்போனேன், ஹமீட் கையைத் தட்டிவிட்டார். இந்த மீனுக்குக் கன்னத்தில் ஒரு முள் இருக்கிறது. வலையில் சிக்கினால் இன்னொரு காயம். ஒரு வாளியைத் தண்ணீருக்குள் சாய்த்து, மறுகையால் மெதுவாக ஒதுக்கி உள்ளே எடுத்தார்.

பழைய வீட்டு இருட்டறைக்கு வெளியே நான் எத்தனை மாலைகள் நின்றிருப்பேன். கொழும்பு பஸ்ஸுக்குப் படம் கொடுத்துவிட வேண்டும், நேரம் போய்க்கொண்டிருக்கும். "வந்திட்டா?" என்று கேட்பேன். "கதவத் தொடாத" என்று சத்தம் வரும். இன்று உள்ளே நின்றது நான். தொட்டியில் மஞ்சள் பரவியது. சிவப்பு வெளிச்சத்தில் எடிட்டரின் கோடுகள் கறுப்பாகத் தெரிந்தன.

டிசம்பர் 15, ஞாயிறு

பிரடெரிக் வட்சப்பில் கேட்டான்: "எடிட்டர்ட படம் ஒண்டு அனுப்பு."

அவனுடைய பிறந்தநாளன்று நான் எடுத்த படம் கைபேசியில் இருந்தது. அதை அனுப்பினேன். "நல்லா இருக்கு" என்று பதில் வந்தது.

எழுதிவைக்கிறேன், எங்கேயாவது இருக்கட்டும். ஒரு வருடம் வெள்ளத்தின்போது தலைமையகத்தில் பிரடெரிக்கின் முந்தைய வருடப் படத்தை எடுத்து "நேற்றைய காட்சி" என்று போட்டுவிட்டார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்குப் போய் ஆசிரியர் மேசைக்கு முன்னால் நின்றான். "படம் பழசெண்டா பழசெண்டு போடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவந்தான். போக வர பதினாறு மணித்தியாலம்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஆறாம் மருந்து. தின்னவில்லை.

டிசம்பர் 18, புதன்

பஞ்சு உதிர்ந்திருக்கிறது. சிவப்பு கொஞ்சம் குறைவு. செவுள் 96. இறாலைப் பார்த்தது, கிட்ட வந்தது, திரும்பிப் போய்விட்டது. இவ்வளவு மகிழ்ச்சியாக எந்த எடிட்டராலும் நான் திருப்பி அனுப்பப்படவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

ஒரு துண்டு தின்றது. பாதியைத் துப்பி, திரும்ப எடுத்துத் தின்றது.

டிசம்பர் 21, சனி

காலையில் பிரடெரிக்குக்கு எழுதி அனுப்பினேன்:

"திருத்தம். 15ஆந் திகதி அனுப்பிய படம் பழையது. எடிட்டர் 7ஆந் திகதி காயப்பட்டது. முகத்துவாரம் வெட்டிய பின் நான் எடுத்த கரைத் தண்ணீரால் கிருமி ஏறியது. இருட்டறையில் ஏழு நாள் மருந்து போட்டு நேற்று முதல் தின்கிறது. தவறு என்னுடையது."

படித்துவிட்டான் என்று வட்சப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. நான் வேட்டி மடித்தேன், தேநீர் போட்டேன், அதைக் குடிக்கவில்லை. பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது.

"தெரியும் மச்சான்."

"எப்பிடி?"

"படத்துல தொட்டிக் கண்ணாடியில ஜன்னல் தெரியுது. பச்சைத் திரை. கொன்ஸ்டன்ஸ் அத ஒக்டோபர்ல மாத்திட்டா."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"நீ திருத்தம் போடுற ஆள். எந்தப் பக்கத்தில போடுவாயெண்டுதான் பாத்துக்கொண்டிருந்த." பிறகு சொன்னான். "அப்ப நானும் ஒண்டு போடணும். ஆறாந் திகதி கால்ல ரெண்டு விரல எடுத்திட்டாங்க, ரத்தினம். சின்னதும் பக்கத்ததும். அதுக்கும் எடிட்டருக்குப் போலதான், ஒவ்வொரு நாளும் மருந்து."

ஆறாந் திகதி. எட்டாந் திகதி நான் கேட்டேன், உன் கால் எப்படி என்று. "கிடக்கு" என்றான். எல்லாருடைய பதிலுக்கும் மேலே இன்னொரு கேள்வி கேட்டுப் பழகியவன், அவனிடம் அதோடு விட்டுவிட்டேன்.

"நோகுதா?" என்றேன்.

"இல்லாத விரல் கடிக்குது. சொறியக் குனிஞ்சா ஆளக் காணல்ல. நீ ஒரு காயத்த மறைச்சாய், நான் ரெண்டு விரல மறைச்சன். கணக்குல நான்தான் முன்னுக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். தொலைபேசியை வைத்த பிறகு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

டிசம்பர் 28, சனி

ஹமீட் வந்தார். வெளிக்கடல் தண்ணீர் மாற்றியதில் முன் தொட்டியிலும் மிதவை 1.024. எடிட்டரை வாளியால் முன் தொட்டிக்கு மாற்றினோம். கண் தெளிந்துவிட்டது. தொட்டியை ஒருமுறை சுற்றி வந்து, சரிந்த கல்லுக்கு முன் நின்று பார்த்தது.

ஜனவரி 5, ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். பிரடெரிக் கைத்தடியோடு வாசற்படி ஏறினான். நான் கை கொடுக்கப்போக, "முதல்ல இதப் பிடி" என்று கமெராப் பையை நீட்டினான். பிடித்தேன்.

இன்று காலை தொட்டிக்கு முன் கதிரை போட்டு, கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் வைத்து உட்கார்ந்தான். எடிட்டர் கண்ணாடிக்குக் கிட்ட வந்தது. திரும்பிப் போகவில்லை, நின்றது. காயம் இருந்த இடத்தில் செதில் வெளிறி முளைத்திருக்கிறது. நீலக் கோடுகளில் ஒன்று அங்கே அறுந்து, ஒரு நூலளவு கீழிறங்கித் தொடர்கிறது.

"வலது பக்கத்தால எடு" என்றேன். "அதுதான் வடிவா இருக்கு."

கேட்கவில்லை. இடது பக்கம் வரும்வரை இருபது நிமிடம் காத்திருந்து ஒரே ஒரு படம் எடுத்தான். பிறகு வழக்கம்போல என்னிடம் படத்துக்குக் கீழே போடக் குறிப்பு கேட்டான். மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். முதலிரண்டையும் வெட்டினான். மிஞ்சியது:

படம் இன்று எடுத்தது.