மாமன் தலையில் ஏறின வார்த்தை

அன்பு மவன் அன்பரசனுக்கு, அம்மா பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல உன் தங்கச்சி வெண்பா எழுதுறது. இங்க கொளஞ்சியப்பர் புண்ணியத்துல நானு, உங்கப்பா, வெண்பா, ரெண்டு மாடு, வாசல்ல படுத்துக்குற அந்த நொண்டி நாயி எல்லாரும் சொவமா இருக்கோம். அங்க அயர்லாந்துல நீ குளிருக்கு காதைக் கட்டிக்கிட்டு, வேளாவேளைக்கு சூடா தின்னுகிட்டு இருக்கன்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்கு சோறு எறங்கும்.

தினம்தான் போன்ல பேசுறோமே, எதுக்கு கடுதாசின்னு நெனைப்ப. போன்ல ஒரு சேதிய முழுசா சொல்ல வுடமாட்ட, பாதியில சிரிச்சுடுவ, இல்லன்னா மீட்டிங்குன்னு வச்சுடுவ. வெண்பா கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்புறேன்னுதான் சொன்னா, நான்தான் வேணாம்னுட்டேன். கம்ப்யூட்டர்ல அடிச்ச எழுத்து வழியில என்னா கதியாவுதுன்னு இந்த வூட்டுல இப்ப நாயிக்குக்கூட தெரியும். கையால எழுதினா இங்க போட்ட எழுத்து அங்கியும் அதே எழுத்தா போயி எறங்கும். பத்திரிகை தகராறு உனக்கு அரைகுறையா தெரியும், மாமன் கோவமா இருக்காருன்னு மட்டும் உங்கப்பா சொன்னாரு. முழுசா நான் சொல்றேன், டீய கீழ வச்சுட்டு படி.

வெண்பா கல்யாணப் பத்திரிகைய நீ உன் ஆப்பிள் கம்ப்யூட்டர்ல பண்ணி போன்ல காட்டுனப்ப நானும் பாத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது, அழகு தெரியும். எழுத்தெல்லாம் மல்லி மொட்டாட்டம் ஒல்லி ஒல்லியா நின்னுச்சு. கீழ ஒரு வரிசையில பெரியவங்க பேரு, நடுவுல செத்துப்போன உங்க தாத்தா கொளஞ்சியப்பன், வலது ஓரத்துல உன் தாய்மாமன் கோவிந்தராசு. தாத்தா தலைக்கு மேல மட்டும் பொடி எழுத்துல "காலஞ்சென்ற"ன்னு ஒரு வார்த்தை. அது நியாயம், அவரு போயி வருசக்கணக்காவுது. நீ அனுப்புனத பஸ்டாண்டு பக்கம் பிரஸ்ஸு வச்சிருக்கிற குருமூர்த்தி அவரு பழைய கம்ப்யூட்டர்ல தொறந்து அச்சுக்குப் போட்டாரு. சரியா இருக்குதான்னு பாத்துட்டு வரச்சொல்லி உங்கப்பாவத்தான் அனுப்புனோம், வெண்பாவுக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. உங்கப்பா சங்கதிதான் தெரியுமே, ரேஷன் கார்டுல ராஜாங்கம்னு போடறதுக்கு ரஜாங்கம்னு போட்டதுலேருந்து அவரு எந்தக் காயிதத்த பாத்தாலும் அவரு பேருல கால் இருக்குதான்னு மட்டும்தான் பாப்பாரு. கால் இருந்துச்சு. அருமையா இருக்குது, போட்டுடுன்னுட்டு பக்கத்துல போண்டா சாப்புட்டு வந்துட்டாரு. அந்தக் கடை போண்டா முன்ன மாதிரி இல்லியாம், அத வந்து அரை மணி நேரம் சொன்னாரு, பத்திரிகையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

மொத பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் வைக்கணும்னு வெத்தல பாக்கு பழம், வேட்டி புடவையோட நானும் உங்கப்பாவும் போனோம். மாமன் பீங்கான் பட்டறையில கப்பு அடுக்கிகிட்டு இருந்தவன் கையைத் தொடச்சிகிட்டு வந்து பத்திரிகைய வாங்கி கண்ணுல ஒத்திக்கிட்டான். அப்புறம் ஊரே கேக்குற மாதிரி சத்தமா படிச்சான். படிச்சுகிட்டே வந்தவன் ஒரு எடத்துல நின்னான். அக்கா, நான் எப்ப போனேன்னு கேட்டான். நான் என்னாத்த கண்டேன், நீ எங்கடா போன, நேத்துகூட ஜங்ஷன்ல பாத்தேனேன்னேன். அவன் பொண்ணு மதிவதனி வாங்கிப் படிச்சுட்டு, அத்தை, அப்பா பேருக்கு மேல காலஞ்சென்றன்னு போட்டிருக்குதுன்னா. தாத்தா தலையில இருந்த வார்த்தை எழுந்து நடந்து மாமன் தலையில போயி உக்காந்துகிச்சுடா. தாத்தா தலையில ஒண்ணுமில்ல, அவரு ஜம்முனு உசுரோட இருக்காரு. மாமன் சத்தமா படிச்சது ஊரு தாண்டிப் போயி, அடுத்த நாளே கருவேப்பிலங்குறிச்சி பங்காளி ஒருத்தரு போன் பண்ணி, கொளஞ்சியப்பன் இருக்காராமே, அன்னைக்கு பால் ஊத்துனோமே, அது யாருக்குன்னு கேக்குறாரு.

மாமன் பத்திரிகைய தட்டுலயே திரும்ப வச்சுட்டான். செத்தவன் கல்யாணத்துக்கு வரக்கூடாதுக்கா, புள்ளைங்க பயப்படும்னான். நீதான் வேணும்னே பண்ணிட்டன்னு சொல்றான். போன தடவ வந்தப்ப உன் தாடியப் பாத்து சோளக்கொல்லை பொம்மைன்னான் இல்ல, அதுக்கு நீ பழி தீத்துட்டியாம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல சாமி முன்னாடி சீட்டெழுதி உன் மேல பிராது கட்டிடுவேன்னான். சாமிக்கு அயர்லாந்து வெலாசம் தெரியாதுன்னு உங்கப்பா எனக்கு தைரியம் சொன்னாரு. மாமன் பொண்டாட்டி, உங்க அத்தை திரௌபதி வேற. எனக்கு பாஞ்சாலை, அவளுக்கு திரௌபதி, ரெண்டும் ஒரே அம்மன் பேருதான், அந்த மாதிரி இருந்தா ஒருத்திக்காவது வாயி கம்மியா இருக்கணும், அது நானும் இல்ல, அவளும் இல்ல. மறுநாள் போன் பண்ணினா அவதான் எடுக்குறா. அண்ணி, அவரு போயிட்டாருன்னு நீங்கதான அச்சடிச்சு குடுத்தீங்க, அப்புறம் யாருகிட்ட பேசணும்னு போன் பண்றீங்கன்னா. நான் பொட்டு வச்சுக்கலாமா வேணாமான்னு அயர்லாந்துல ஒரு வார்த்தை கேட்டு சொல்லுங்கன்னா. பின்னாலேருந்து மாமன், அக்காகிட்ட சொல்லு, நான் இங்க இல்லன்னு சத்தம் போடறான்.

சிரிப்பா இருந்தாலும் எனக்கு சோறு எறங்கலடா. கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். வெண்பா கையைப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாரவேண்டியவன் அவன். அவன் வராம இந்தக் கல்யாணம் நடந்தா ஊரு உலகம் வந்தும் எனக்கு வூடு வெறிச்சுனுதான் இருக்கும். இந்த எடத்துல வெண்பா பேனாவ நிறுத்திட்டு மூக்க உறிஞ்சுறா, அதையும் எழுதுடின்னு சொல்லி எழுத வச்சிருக்கேன்.

நேரா குருமூர்த்திகிட்ட போயி நின்னேன். யாரக் கேட்டு எந்தம்பிய கொன்னன்னு கேட்டேன். அவரு கம்ப்யூட்டரத் தொறந்து காட்டுறாரு. உங்க மவன் பத்திரிகைய அனுப்பினாரும்மா, எழுத்த அனுப்பலியேங்குறாரு. கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணுலயும் எழுத்து தனித்தனி மூட்டையா இருக்குமாம். உன் மூட்டையில இருக்கிற ஒல்லி எழுத்து அவரு மூட்டையில கெடையாதாம். இல்லன்னா இல்லன்னு வாயத் தொறந்து சொல்லணும் இல்ல? சொல்லாதாம். கைக்கு ஆப்புட்ட வேற எழுத்த எடுத்து கமுக்கமா போட்டுக்குமாம். எனக்கு இது உடனே புரிஞ்சுச்சு. வெண்பாவுக்கு அளவெடுத்து தச்ச ஜாக்கெட்ட உங்க அத்தைக்கு மாட்டி வுட்டா என்னா ஆவும், பட்டன் ஒரு பக்கம் தெறிக்கும், கை ஒரு பக்கம் பிதுங்கும், அதான் இங்க நடந்துருக்குது. இத எழுதமாட்டேன், அத்தை படிச்சா வம்புன்னு வெண்பா சொல்றா. அத்தை எதுக்கு அயர்லாந்து வரா, எழுதுடின்னுட்டேன். நான் இன்னொண்ணும் கேட்டேன். வார்த்தை பெருத்தது சரி, அது எப்படி தாத்தாவ வுட்டுட்டு மாமன்கிட்ட போச்சுன்னு. நீ அத தாத்தா தலைக்கு நேரா நிறுத்தறதுக்கு முன்னால வெறும் எடமா தட்டிகிட்டே வந்திருக்கியாம், அந்த வெறும் எடமும் எழுத்து மாதிரிதானாம், எழுத்து மாறுனா அதுவும் பெருக்குமாம், அது பெருத்து வார்த்தைய வலது பக்கம் தள்ளிட்டுப் போயிடுச்சாம். ஒண்ணுமில்லாதது எப்படிய்யா பெருக்கும்னேன். என் வயித்தப் பாருங்கம்மா, வெறும் காத்துதான், பெருத்திருக்கு பாருங்கன்னு தட்டிக் காட்டறாரு. கீழ இருந்த மதிய விருந்துங்கற வரி வேற பின்பக்கம் போயி தனியா கெடந்துச்சு. அதப் பாக்காதவங்க கல்யாணத்துல சாப்பாடு இல்லியாமேன்னு தெருவுல பேசிக்கிறாங்க.

இத அப்படியே போயி மாமன்கிட்ட சொன்னேன். அவன் என்னாத்துக்கு நம்புறான்? எழுத்துக்கு காலா இருக்குது நடந்து போவ, நானும் வருசக்கணக்கா கப்புல எழுத்து ஒட்டி சூளையில வேகவச்சு எடுக்குறேன், எது நகந்துச்சு, என் எழுத்து கப்பு ஒடையிற வரைக்கும் நகராதுன்னான். நான் வரமாட்டேன், என் சீரு வரும்னான். கல்யாணத்துக்கு வரவங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு பீங்கான் கப்பு, வட்டம் போட்டு அதுக்குள்ள "தாய்மாமன் சீர்"னு எழுதி அனுப்பறேன், செத்தவன் சீரு எப்படி இருக்குதுன்னு ஊரு பாக்கட்டும்னான். அந்த வீம்பப் பாத்தா எனக்கே அடிக்கத் தோணுச்சு.

அப்புறம் நடந்தத கேளு. மதிவதனி காலேஜ் லேப்டாப்புல நல்ல ஒல்லி எழுத்தா பாத்து அந்த வட்டத்த பண்ணி ஸ்டிக்கர் போடற கடைக்கு அனுப்பிச்சிருக்கா. கடைக்காரங்க அவங்க கம்ப்யூட்டர்ல தொறந்து அடிச்சு குடுத்தாங்க. பட்டறையில ஒட்டுறவங்க மளமளன்னு ஒட்டிட்டாங்க. மாமன் ஒரு கப்ப எடுத்து பாத்திருக்கலாம் இல்ல? எழுத்து நகராதுன்னு ஊருக்கே சொன்னவன் அத எப்படி எடுத்து பாப்பான். சூளையில வச்சு, வெந்து, ஆறி, தொறந்து எடுத்தா அத்தன கப்புலயும் எழுத்து பெருத்து வட்டத்துல அடங்காம கடைசி ஒத்த எழுத்து வெட்டுல போயிடுச்சுடா. மிச்சம் என்னா இருக்குதுன்னா, "தாய்மாமன் சீ."

வெய்ய நேரம், நான் உளுந்து பொடைச்சுகிட்டு இருக்கேன், வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. மாமன். துண்டுல எதையோ சுத்தி நெஞ்சோட அணைச்சுகிட்டு நிக்கிறான். நாயி கொலைக்கல, வால ஆட்டிச்சு. காலஞ்சென்றவன் வந்திருக்கேன், ஒரு டீ போடுக்கான்னான். நான் மொறத்த அப்படியே போட்டுட்டு எழுந்தேன். துண்டப் பிரிச்சு கப்ப எடுத்து வச்சு, இதுல ஊத்துன்னான். வெண்பா வந்து படிச்சா. தாய்மாமன் சீ. வாயப் பொத்திக்கிட்டா. உங்கப்பா எட்டிப் பாத்து, கால் இருக்குதான்னு கேட்டாரு. அவ்வளவுதான், மாமன்தான் மொதல்ல சிரிச்சான், சிரிச்சு சிரிச்சு அந்தக் கப்பு டீய வேட்டியிலயே ஊத்திக்கிட்டான். அன்பு மேல தப்பில்லக்கா, என் பொண்ணே என்னப் பாத்து சீன்னுட்டாளே, அவன் கொன்னதோட வுட்டான்னான்.

வெந்த எழுத்த சொரண்ட முடியாதாம், ஆனா பக்கத்துல கலர்ல எழுதி இன்னொரு தடவ சூளையில வச்சா புடிச்சுக்குமாம். வட்டத்துக்கு வெளிய அந்த விட்டுப்போன "ர்"ர கையாலயே போட்டுடலாம்னு முடிவாச்சு. அத்தன கப்புக்கும் ஆளு வேணுமே. மாமன், அத்தை, மதிவதனி, உங்கப்பா, வெண்பா எல்லாரும் பட்டறையில ஆளுக்கொரு பிரஷ்ஷோட உக்காந்தாங்க. நான் சும்மா டீ ஆத்திகிட்டு இருந்தேன். எக்கா, நீயும் போடுன்னான். எனக்கு எழுத்தே தெரியாதேடான்னேன். ஒத்த எழுத்துதான, வான்னு கையைப் புடிச்சு காட்டிக்குடுத்தான். மேல ஒரு கோடு, ரெண்டு பக்கமும் கால், வலது கால்லேருந்து கீழ சாஞ்சு ஒரு இழுப்பு, தலையில ஒரு புள்ளி. மொத கப்பப் பாத்துட்டு, இது ர் இல்லக்கா, நாற்காலின்னான். அத்தை எட்டிப் பாத்து, அண்ணி போட்ட நாற்காலியில நான் உக்காரலாமான்னா. உனக்கெல்லாம் தாங்காதுடின்னேன். பொழுது சாயறதுக்குள்ள எனக்கு கை வந்துடுச்சு. உங்கப்பா போட்டதவிட என்னுது நல்லா இருக்குதுன்னு மாமனே சொன்னான், உங்கப்பா எல்லா கப்புக்கும் கால் ஒண்ணு கூடப் போட்டுட்டாரு.

மிச்சப் பத்திரிகைக்கும் வழி பண்ணிட்டோம். ஓரத்துல மஞ்சள் தடவறப்ப மாமன் தலையில இருக்கிற வார்த்தை மேல கெட்டியா ஒரு அப்பு அப்பிடறேன். அத்தை அதப் பாத்துட்டு, அப்ப நான் பொட்டு வச்சுக்கலாம்னா. வைக்காம என்னைக்குடி இருந்தன்னேன். தாத்தாவ மட்டும் ஒண்ணும் பண்ணல. கல்யாணம் வரைக்கும் அவரு உசுரோடவே இருக்கட்டும், பேத்தி கல்யாணம், பாத்துட்டுப் போவட்டும்.

கண்ணு, நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. மாமனுக்கு ஒரு போன் போடு, காலஞ்சென்ற மாமா எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேட்டுடாத. லீவு சொல்லிட்டியா, டிக்கெட் போட்டியா, ரெண்டு நாளு முன்னாலயே வந்து சேரு. தாடிய எடுக்கிறதும் வைக்கிறதும் உன் இஷ்டம், எடுத்துட்டா மாமனுக்குப் பேச ஒண்ணும் இருக்காது. ராவுல தூங்கு, நெஞ்சுல சளி சேர வுடாத, அங்க கெடைக்கிற ரொட்டியவே தின்னுகிட்டு இருக்காத. கொளஞ்சியப்பரும் நம்ம கொலசாமியும் உன்ன கண்ணுல வச்சு காப்பாத்தணும், நல்லபடியா வேலையில ஒசந்து, நீயும் ஒரு பத்திரிகை அடிக்கிற நாளு சீக்கிரம் வரணும். அப்ப அந்த எழுத்தையும் பத்திரிகையோட சேத்துக் கட்டி அனுப்பு, இல்லன்னா பத்திரிகைய போட்டோ புடிச்ச மாதிரி நகராம அனுப்ப ஏதோ ஒரு வழி இருக்குதாமே, அந்த வழியில அனுப்பு, குருமூர்த்தி உன்கிட்ட கட்டாயம் சொல்லச் சொன்னாரு. வரும்போது சாக்லேட்டு மறந்தாலும் பரவால்ல, எழுத்த மறந்துடாத.

இதுவரைக்கும் நான் ஒனக்கு எல்லாக் கடுதாசியிலயும் கைநாட்டுதான் வச்சிருக்கேன். இந்தத் தடவ வெண்பாகிட்டேருந்து பேனாவ வாங்கி நானே ஒண்ணு போடறேன். கீழ இருக்கிறது பூச்சியும் இல்ல, நாற்காலியும் இல்ல.

ஆசையோட
உன் அம்மா பாஞ்சாலை

ர்