எஸ்தரின் நீல வாய்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். எண்ணூர் பக்கமிருந்து கேஸ் நாத்தம். கடைக்குப் பிளாஸ்டிக் குடம் லோடு வரல. மணலி ரோட்டுல கண்டெய்னர் லாரி வரிசையாம். தம்பியைக் கடையில உட்கார வச்சிட்டு வீட்டுக்காரி எஸ்தரைப் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். மெட்ரோவுல நல்ல ஏசி.

வாயெல்லாம் வெள்ளைப் படை. மேலண்ணம் ரணச் சிவப்பு. ரொம்ப நாளா ஆறின தயிர்ச் சோறுதான். முகம் பாதியாப் போச்சு. முன்னாடி ஒரு டாக்டர் பூஞ்சைக்குன்னு மாத்திரை கொடுத்தார். நெஞ்சுல வால்வு மாத்தினதுல இருந்து ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடுதால்ல, அதுவும் இதுவும் சேராம மூக்குல ரத்தம். கையெல்லாம் கன்னிப்போச்சு. உடனே நிறுத்திட்டாங்க. படை திரும்ப வந்துட்டு.

இந்த டா. (டாக்டர்) சின்னப் பொண்ணு. "மாத்திரை வேணாம்மா, லைட் வச்சுப் பார்க்கலாம்"னாங்க. வாய்க்குள்ள நீல மருந்து தடவுவாங்களாம். பூஞ்சை அதை உறிஞ்சிக்குமாம். மேல சிவப்பு லைட் பட்டதும் மருந்து வேலை செஞ்சு பூஞ்சை சாகும். சுடாது. ரத்த மாத்திரையோட மோதாது. வாரம் ரெண்டு தடவை வரணும்.

"ராத்திரி பல்செட்டைக் கழட்டி வச்சிடுறீங்களாம்மா?"

"கழட்டிருவேன்." பட்டுனு சொன்னா. என் பக்கம் திரும்பல.

செட்டு கட்டி எத்தனையோ வருஷமாச்சு. அது இல்லாம அவளை நான் பார்த்ததே இல்ல. ஒரு தடவைகூட.

லைட் போடுற நேரம், "அவரு வெளிய இருக்கட்டும்"னுட்டா. கதவுக் கண்ணாடியில சிவப்பா ஒரு வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் தூறல். குடம் வந்துட்டு. நாலு உடைசல்.

ரெண்டாவது தடவை லைட். வெளிய வந்தா உதடு, நாக்கு எல்லாம் நீலம். ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோ பாபு, "இன்னா அண்ணாச்சி, அக்கா வாயி நீலமா கீது? இங்க்கு பாட்டிலைக் குட்ச்சிட்டாங்களா?"

முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. நல்லாருந்துது பார்க்க.

அதுக்கு முன்னால, ஆஸ்பத்திரியில அவ முகம் கழுவப் போன நேரம் டா. என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. "செட்டோட உள்பக்கம்தான் சார் பூஞ்சை குடியிருக்கு. அதுக்கும் லைட் காட்டுறோம். ஆனா ராத்திரியும் போட்டிருந்தா திரும்ப வந்துரும். நிஜமாவே கழட்டுறாங்களா?"

"கேட்டுச் சொல்லுதேன்."

எப்படிக் கேக்க? (இதையெல்லாம் எழுதவே கூச்சம். அவ எடுத்துப் படிச்சிட்டா?)

ஜூலை 12, சனி

யோசனை ஒண்ணு. பாயை ஹாலுக்குக் கொண்டுபோயிட்டேன். இடுப்புவலி, தரைதான் நல்லதுன்னு சொன்னேன். நான் பக்கத்துல இல்லைன்னா தைரியமாக் கழட்டுவா.

அவ ஒரு தலையணையை மட்டும் எடுத்து நீட்டினா.

ஜூலை 15, செவ்வாய்

மூணாவது. டா. முகத்துல திருப்தி இல்ல. "இந்நேரம் இன்னும் குறைஞ்சிருக்கணுமே."

மெட்ரோவுல பக்கத்து சீட் காலி. அவ எதிர்ல போய் உட்கார்ந்தா.

மத்தியானம் சோறு போட வந்தவ கரண்டியோட அப்படியே நின்னா.

"ஏங்க, என் வாய் நாறுதுன்னுதான ஹாலுக்குப் போனீய?"

"இல்லட்டி! நான் இல்லைன்னா நீ செட்டைக் கழட்டுவேன்னு நெனச்சேன்."

கரண்டியைக் கீழ வச்சா. அப்புறம், "கழட்டல"ன்னா. "தண்ணி குடிக்க உள்ள வந்து பாத்துட்டீயன்னா?"

அப்பதான் சொன்னா. செட்டு கட்டின புதுசுல எங்க அக்கா நாலு பேர் முன்னால, "தம்பி பொண்டாட்டி அதுக்குள்ள கெழவியாயிட்டா"ன்னு சிரிச்சாளாம். நான் கடையில இருந்திருக்கேன். இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது.

"நீங்களும் அப்படி நெனச்சிரக்கூடாதுல்ல."

சோத்துல கை வச்சபடி உட்கார்ந்திருந்தேன். "உன் நெஞ்சைப் பொளந்து தச்சிருந்தாங்களே, அந்தத் தழும்புக்கு நாந்தானட்டி மருந்து போட்டேன். அதுக்கு முன்னால பல்லு என்னட்டி?"

தொட்டிப் பக்கம் திரும்பினா. குழாய்ச் சத்தம். திரும்பி வந்தப்போ உள்ளங்கையால வாயை மூடியிருந்தா. கை மெதுவா இறங்குச்சு.

கன்னம் ஒட்டி, உதடு உள்ள மடங்கி, தாடை கொஞ்சம் முன்னால. வேற யாரோ மாதிரி இருப்பான்னு பயந்திருந்தேன் போல. எஸ்தர்தான். அதே கண்ணு.

சொல்லணும்னு எவ்வளவோ இருந்துது. வாயில வந்தது, "ரசம் ஊத்து."

சிரிச்சா. உள்ள இன்னும் நீலம். அப்புறம் அழுகை. ரசம் தட்டைத் தாண்டி ஓடிட்டு.

பாய் மறுபடி உள்ள.

ஜூலை 18, வெள்ளி

வெயில். மத்தியானம் கரண்ட் இல்ல.

ஆஸ்பத்திரியில லைட் போடப் போறப்போ, "நீங்களும் உள்ள வாங்க"ன்னா எஸ்தர். எனக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தாங்க. மேலண்ணத்துல, நாக்குல நீலம் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டாங்க. அப்புறம் பேனா மாதிரி ஒண்ணை வாய்க்குள்ள வச்சாங்க. உள்ள பட்ட வெளிச்சம் கன்னத்துல வெளிய வரைக்கும் செவசெவன்னு தெரியுது. என் விரலைப் பிடிச்சிட்டே இருந்தா. வலி இல்லையாம், சும்மாதான் பிடிச்சாளாம்.

டா. கேட்டாங்க, "ராத்திரி?"

"கழட்டிட்டேன்." இந்தத் தடவை என்னைப் பார்த்துக்கிட்டே.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கடைசி லைட். துடைச்சு எடுத்துப் பரிசோதிச்சதுல பூஞ்சை இல்லையாம். சிவப்பும் அடங்கிட்டு. பழைய செட்டு தளர்ந்திருக்கு, புதுசு கட்டணும்.

வாங்க வேண்டியது: நெத்திலி, சின்ன வெங்காயம், கரண்டு டேப். செட்டு வைக்க மூடி போட்ட டப்பா நம்ம கடையிலயே இருக்கு. பச்சை வேணாமாம், ரோஸ்தான் வேணுமாம். அதை எடுத்துட்டு வந்து என் மூக்குக்கண்ணாடி பக்கத்துல வச்சிருக்கா.

ராத்திரி நெத்திலியைக் காரம் போட்டுச் சாப்பிட்டா. கண்ணுல தண்ணி. "நிறுத்தவா?"ன்னேன். "சும்மா இருங்க, இன்னும் ரெண்டு மீன் போடுங்க."

ஆகஸ்ட் 2, சனி

மத்தியானம் நல்ல கடல்காத்து. சாப்பிட்டுப் படுத்தவ அப்படியே தூங்கிட்டா. எப்பவும் சுவரைப் பார்த்துத்தான் படுப்பா. பழக்கம்னு நெனச்சிருந்தேன். இன்னைக்கு என் பக்கம். வாய் திறந்து கெடக்கு, பல்லில்லாத உதடு மூச்சுக்கு மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு படபடக்குது.

ஃபேனைக் கொறச்சேன், அந்தச் சத்தம் கேக்கட்டும்னு.

நாலு மணிக்குக் கடை திறக்கணும். தம்பி போன் அடிச்சான். எடுக்கல.